தெருவைப் பெயர்த்தல்

மேசைப் போர் விளையாட்டுக்காக நகரம் செய்கிறவர்கள் பெரும்பாலும் வீடுகளில்தான் முதலில் கை வைக்கிறார்கள். ஜன்னல் கதவு, கூரைத் தகடு, புகைபோக்கி, கடைப் பெயர்ப்பலகை என்று நாள் போகும். தெரு கடைசியில் வரும். வீடுகளை வைத்தபின் மிஞ்சுகிற இடத்துக்குச் சாம்பல் நிறம் பூசிவிட்டால் அது தெரு ஆகிவிடும். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. வீரன் நிற்பது தெருவில். குதிரை வழுக்குவதும், பீரங்கிச் சக்கரம் சிக்குவதும், அடிபட்டவன் விழுந்து கிடப்பதும் அங்கேதான். ஆகவே தரையிலிருந்து தொடங்குகிறேன். வீடுகள் பொறுத்திருக்கட்டும்.

எடுத்துக்கொண்டிருக்கும் சண்டை 1848 ஜூன் 23 முதல் 26 வரை பாரிஸின் கிழக்குப் பகுதியில் நடந்தது. இடம் ஃபோபூர் து தாம்ப்ல் தெரு. சேன் மார்த்தேன் கால்வாயைக் கடந்து பெல்வில் மேட்டை நோக்கி ஏறுகிற தெரு அது. அந்த ஆண்டு பிப்ரவரியில் மன்னர் லூயி ஃபிலிப்பை விரட்டிவிட்டுக் குடியரசு வந்திருந்தது. வேலை இல்லாதவர்களுக்காக அந்தக் குடியரசு தேசியப் பட்டறைகளைத் திறந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள். கொடுக்க உருப்படியான வேலை போதவில்லை. பலரை மண் வெட்டவும் மேட்டை நிரவவும் அனுப்பினார்கள். ஜூன் மாதத்தில் ஆணை வந்தது: திருமணமாகாத இளைஞர்கள் படையில் சேர வேண்டும், மற்றவர்கள் வெளியூர் மண்வேலைக்குக் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். ஓரிரு நாளில் கிழக்குப் பாரிஸின் தெருக்கள் பெயர்க்கப்பட்டு, அந்தக் கற்கள் தெருவின் குறுக்கே அரண்களாக அடுக்கப்பட்டன. தளபதி காவேஞாக்கிடம் முழு அதிகாரமும் ஒப்படைக்கப்பட்டது. நான்கு நாளில் எல்லாம் முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள், இன்னும் பல ஆயிரம் பேர் சிறைப்பட்டார்கள்.

மண்வெட்டியும் கடப்பாரையும் பிடித்துப் பழகிய கைகள் அவை. தெருவைப் பார்த்தால் அது எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது, எங்கே நெம்பினால் விடும் என்று தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறையவே இருந்திருப்பார்கள்.

*

கல்லைப் பற்றி.

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசர் ஃபிலிப் ஒகுஸ்த் அரண்மனை ஜன்னலருகே நின்றபோது, வண்டிகள் கிளறிவிட்ட சேற்றின் நாற்றம் தாங்காமல் நகரத் தெருக்களுக்குக் கல் பாவச் சொன்னார் என்று அவர் காலத்து வரலாற்றாசிரியர் ரிகோர் எழுதிவைத்திருக்கிறார். முதலில் போட்டவை பெரிய பலகைக் கற்கள். பின்னால் வந்த நூற்றாண்டுகளில் கை கொள்ளும் அளவுக்குக் கட்டம் கட்டமாக வெட்டிய மணற்கற்கள் வழக்கத்துக்கு வந்தன. ஃபோந்தேன்ப்ளோ பக்கத்துக் காடுகளில் வெட்டியெடுத்து, சேன் நதியில் படகேற்றிக் கொண்டுவந்தார்கள்.

பாவுகிற முறை எளியது. தரையைக் கொத்தி நிரவி, மேலே ஒரு கனத்துக்கு மணல் பரப்புவார்கள். கல்லை ஒவ்வொன்றாகக் கையால் நட்டு, குறுக்கு வரிசையாக, ஒரு வரிசையின் இடுக்கு அடுத்த வரிசைக் கல்லின் நடுவே வரும்படி அடுக்குவார்கள். இடுக்குகளில் மணலை வாரி விட்டு, திமிசுக் கட்டையால் இடிப்பார்கள். அவ்வளவுதான். சுண்ணாம்பு கிடையாது, சாந்து கிடையாது. ஒரு கல்லைப் பக்கத்துக் கல் இறுக்கிப் பிடித்திருப்பதால் தெரு நிற்கிறது.

சோளக் கதிரை உரித்துப் பார்த்தவர்களுக்கு இதன் பலவீனம் புரியும். முதல் முத்தை எடுக்கத்தான் நகம் வலிக்கும். அது வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பதைக் கட்டைவிரல் சாய்த்துவிடும். தெருவிலும் முதல் கல்லுக்குக் கடப்பாரை வேண்டும். அது பெயர்ந்தபின் அந்த வரிசை இளகிவிடும்.

எத்தனையோ தலைமுறையாக வண்டிச் சக்கரத்தைத் தாங்கிய தளம் ஒரு காலை நேரத்தில் கூட்டத்தின் கைக்கு வந்தது இதனால்தான். சாந்து வைத்துப் பூசிய தளமாக இருந்திருந்தால் பாரிஸின் 19ஆம் நூற்றாண்டு வேறு மாதிரி இருந்திருக்கும் என்றுகூட நினைக்கிறேன்.

*

தெருவின் குறுக்குவெட்டையும் பார்க்க வேண்டியிருந்தது.

பழைய பாரிஸ் தெரு நடுவில் தாழ்ந்தது. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவரிலிருந்து சரிந்து வந்து, நடுவே ஒரு வாய்க்காலாகக் கூடும். மழைநீரும், வீட்டுக் கழிவும், இறைச்சிக் கடை ரத்தமும் அதில்தான் ஓடும். நடைபாதை கிடையாது. வண்டி வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். 1780களில் பாரிஸைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதிய லூயி செபாஸ்தியென் மெர்சியே இந்த வாய்க்கால்களையும், மழை நாளில் அவற்றைத் தாண்ட மக்கள் படும் பாட்டையும் விவரிக்கிறார்.

1833 முதல் 1848 வரை நகர நிர்வாகத்தைப் பார்த்த ரம்ப்யூத்தோ காலத்தில் இது தலைகீழாக மாறத் தொடங்கியது. நடு உயர்ந்து, இரண்டு ஓரமும் தாழ்ந்து, வாய்க்கால் ஓரத்துக்குப் போயிற்று. அதை ஒட்டிக் கருங்கல் விளிம்பு வைத்த நடைபாதை வந்தது. நடைபாதைச் செலவில் வீட்டுக்காரர் பங்கு என்ன என்பதற்கு 1845இல் சட்டமே போட்டார்கள்.

ஆகவே 1848 ஜூனில் இரண்டு விதமான தெருவும் அருகருகே இருந்தன. அகலமான ஃபோபூர் தெருவின் முதுகு உயர்ந்திருக்கும். அதிலிருந்து கிளைக்கும் சந்தின் முதுகு பள்ளமாக இருக்கும். மேசையில் இந்த இரண்டும் சந்திக்கிற மூலைதான் எனக்கு மிகப் பிடித்த இடம். சந்தின் நடுவாய்க்கால் பெருந்தெருவின் ஓரவாய்க்காலில் வந்து சேரும். அந்த ஒரு விரற்கடை இடத்தை ஒழுங்காகச் செய்துவிட்டால், பார்க்கிறவருக்கு எதுவும் சொல்லாமலே நகரத்தின் வயது தெரிந்துவிடும்.

ஷார்ல் மர்வில் 1860களில் எடுத்த புகைப்படங்கள் இதற்குப் பேருதவி. நகரைத் திருத்தியமைத்த ஓஸ்மான் இடிக்கப்போகும் தெருக்களைப் பதிவுசெய்து வைப்பதற்காக நகராட்சி அவரை அமர்த்தியது. 400க்கும் மேற்பட்ட படங்கள். பலரும் அவற்றில் பழைய வீடுகளைப் பார்க்கிறார்கள். எனக்கு அவை தரையின் படங்கள். காமிராவை அவர் தாழ்வாக வைத்திருக்கிறார் போலும். முன்புறம் முழுக்கக் கல். ஈரக் கல்லின் முதுகில் வெளிச்சம் விழுந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணக்கூடியதாக நிற்கிறது. வாய்க்காலில் தண்ணீர் பளிச்சிடுகிறது. அந்தப் படங்களில் எந்தத் தெருவும் மட்டமாக இல்லை. எங்கோ உள்வாங்கி, எங்கோ பிதுங்கி, பழுது பார்த்த இடத்தில் கல்லின் நிறமே வேறாகி இருக்கிறது.

*

நிறம்.

பாரிஸின் சேறு கறுப்பு. அதைப் பற்றி எழுதிய பலரும் இதைச் சொல்கிறார்கள். துணியில் பட்டால் போகாது என்பார்கள். வேதியியலாளர் ஷெவ்ரல் 1840களில் பாவுகற்களின் இடுக்கில் இருக்கும் கறுப்பு மண்ணை ஆராய்ந்தார். குதிரை லாடத்திலிருந்தும் சக்கரப் பட்டையிலிருந்தும் தேய்ந்து விழும் இரும்பு, சாக்கடைக் கழிவின் கந்தகத்தோடு சேர்ந்து காற்றில்லாத இடுக்கில் கறுத்துப்போகிறது. வெளியே எடுத்து வைத்தால், காற்றுப் பட்டு மெல்லத் துருநிறத்துக்கு மாறும்.

இதைப் படித்தபின் என் வண்ணத் தட்டே மாறியது. தெருவைச் சாம்பல் என்று நினைப்பது கல்லின் தலையை மட்டும் பார்ப்பதால் வருவது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள கோடு கறுப்பு. கல்லைப் பெயர்த்தால், பக்கங்களில் மேலிருந்து ஒரு பட்டை அளவுக்குக் கறுப்பு படிந்திருக்கும். அதற்குக் கீழே வெளிச்சமே காணாத மணற்கல், வெட்டியெடுத்த நாளின் வெளிர் மஞ்சளோடு இருக்கும்.

தெருவில் கிடக்கும்போது ஒரு கல் தன் ஆறு முகங்களில் ஒன்றை மட்டும் காட்டுகிறது. இரும்புச் சக்கரம் தேய்த்து மெருகேறிய முகம் அது. அரணில் ஏறியபின் எந்த முகம் வெளியே வரும் என்பதற்குக் கணக்கில்லை. பெரும்பாலும் தேயாத முகங்கள்தான் வரும். ஆகவே அரண் தெருவைவிட வெளிறியிருக்க வேண்டும். நான் பார்த்த மேசைகளில் எல்லாம் தெருவும் அரணும் ஒரே சாம்பலில் இருக்கின்றன.

*

ஒரு புகைப்படம்.

1848 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. திபோ என்பவர் ஒரு மாடி ஜன்னலிலிருந்து தாகெரோடைப் தகட்டில் தெருவைப் பிடித்தார். மறுநாள், தாக்குதல் முடிந்தபின், அதே ஜன்னலிலிருந்து இன்னொன்று. இல்லுஸ்த்ராசியோன் இதழ் சில நாளில் அவற்றை மரச்செதுக்குப் படமாக வெளியிட்டது. செய்தி இதழ் ஒன்று புகைப்படத்தை ஆதாரமாகக் கொண்டு வெளியிட்ட மிகப் பழைய படங்களில் அவை அடங்கும். படத்தில் உள்ள தெரு நெடுங்காலமாக சேன் மோர் தெரு என்றே சொல்லப்பட்டு வந்தது. பிற்கால ஆய்வு அதை ஃபோபூர் து தாம்ப்ல் தெரு என்று அடையாளம் கண்டது. தாகெரோடைப் தகட்டில் உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறிப் பதியும். தெருவின் எந்தப் பக்கத்தில் எந்த வீடு என்று பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது.

முதல் தகட்டில் தெரு வெறிச்சோடி இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக அரண்கள் குறுக்கே நிற்கின்றன. இருபுறமும் ஜன்னல்கள் மூடியிருக்கின்றன. தகட்டுக்கு வெளிச்சம் ஏற நேரம் பிடிக்கும் என்பதால், அசைந்தவர்கள் பதிந்திருக்க மாட்டார்கள். அசையாதது மட்டும் நிற்கிறது: சுவர், அரண், தரை. தெருவை ஆராய்கிறவனுக்கு இதைவிட நல்ல சாட்சி வாய்க்காது. ஆனால் அந்த நேரம் அங்கே மனிதர்கள் இருந்திருக்கிறார்கள் என்ற நினைவு கூடவே வருகிறது. கற்களின் விளிம்பை உருப்பெருக்கிப் பார்க்கும்போதெல்லாம் அந்த நினைவோடுதான் பார்க்கிறேன்.

*

என் குறிப்பேட்டில் நான் அதிகம் அடிக்கோடு இட்டிருக்கும் பக்கம் ப்ளாங்கியின் கணக்கு.

லூயி ஒகுஸ்த் ப்ளாங்கி வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறையில் கழித்த புரட்சியாளர். 1830 புரட்சியில் தெருவில் நின்றவர், 1839இல் தோற்ற கிளர்ச்சியை நடத்தியவர். 1848 ஜூனில் அவர் உள்ளே இருந்தார். 1860களில் ஆயுதக் கிளர்ச்சிக்கான வழிமுறைகளை ஒரு கையேடாக எழுதினார். ஜூனில் தோற்றதற்கு அவர் சொல்லும் காரணம் கசப்பானது: ஒவ்வொருவரும் தத்தம் தெருவின் அரணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்துத் தெரு விழுந்தபோது உதவிக்குப் போகவில்லை, கட்டளையிட யாருமில்லை. அரண்களைக் கண்ட இடத்தில் கண்டபடி எழுப்பினார்கள்.

அதன்பின் அரணை எப்படிக் கட்டுவது என்று ஒரு பொறியாளரின் நிதானத்தோடு விளக்குகிறார். பாரிஸின் வழக்கமான பாவுகல் 25 சென்டிமீட்டர் கனசதுரம் என்று வைத்துக்கொள்கிறார். அப்படியானால் ஒரு கன மீட்டருக்கு 64 கற்கள். 12 மீட்டர் அகலத் தெருவில் முன்னரணோடு கூடிய முழு அரணுக்கு 144 கன மீட்டர் வேண்டும். 9,000க்கும் மேற்பட்ட கற்கள். குறுக்கே ஒரு வரிசைக்கு 48 கல் என்றால் 192 வரிசை. அதாவது, தெருவில் 48 மீட்டர் நீளத்தைப் பெயர்த்தாக வேண்டும்.

இந்தக் கடைசி வரியில் நின்றுவிட்டேன். அரணைப் பற்றி எழுதிய எத்தனையோ பேர் அதன் உயரத்தைச் சொல்கிறார்கள், மேலே கவிழ்த்த வண்டியைச் சொல்கிறார்கள், கொடியைச் சொல்கிறார்கள். ப்ளாங்கி பள்ளத்தைச் சொல்கிறார். 48 மீட்டர் அரணுக்கு 48 மீட்டர் வெறுந்தரை என்று இல்லை. 12 மீட்டர் அகலத்தில் குறுக்கே நிற்கிற ஒரு சுவருக்கு 48 மீட்டர் நீளத் தெரு காணாமல் போகிறது. அரண் தெருவின் மேல் வைக்கப்படுகிற பொருள் என்றே அதுவரை நினைத்திருந்தோம். அது தெருவேதான். படுத்திருந்ததை எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அவர் சொல்லும் அளவு கல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 35 கிலோ இருக்கும். மொத்தம் 300 டன்னுக்கு மேல். கையால், வரிசையில் நின்று, ஒருவரிடமிருந்து ஒருவராக மாற்றி அடுக்க வேண்டும். இடையே பூசச் சாந்தும் வைக்கச் சொல்கிறார். மொம்மார்த்ர் ஜிப்சத்தைச் சுட்டு அரைத்த பாரிஸ் சாந்துதான். இன்று நான் கடையில் கிலோ கணக்கில் வாங்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். 

ஜூனில் எழுந்த அரண்களில் பெரும்பாலானவை இத்தனை பெரியவை அல்ல. ப்ளாங்கி எழுதியது எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதை. ஆனால் விகிதம் மாறாது. பாதி உயரம் என்றால் அதற்கேற்ற பள்ளம். பள்ளமில்லாத அரண் இருக்க முடியாது. வெளியூரிலிருந்து லாரியில் வந்து கல் இறங்கவில்லை.

*

என் உருவங்கள் 72இல் ஒன்று என்ற அளவு. ஒரு மனிதன் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே உயரம். 25 சென்டிமீட்டர் கல் மூன்றரை மில்லிமீட்டர் ஆகிறது. 12 மீட்டர் தெரு ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். ப்ளாங்கியின் 48 மீட்டர் 67 சென்டிமீட்டர். என் மேசை ஆறடிக்கு நாலடி. ஒரே ஒரு முழு அரணுக்கான பள்ளம் மேசை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

இப்படிப்பட்ட விளையாட்டுகளில் நீளத்தைச் சுருக்குவது வழக்கம். உருவத்துக்கு ஓர் அளவு, தரைக்கு இன்னோர் அளவு. வீடுகளைக் குறைப்பார்கள், தெருவைக் குட்டையாக்குவார்கள். பள்ளத்தையும் பாதியாக்கலாம்தான். நான் வீடுகளைக் குறைத்துக்கொண்டேன், பள்ளத்தைக் குறைக்கவில்லை. அரணின் உயரத்தைத் தாழ்த்தி, அதற்குரிய பள்ளத்தை முழு நீளத்துக்கு விட்டிருக்கிறேன். மேசையைப் பார்க்கிற எவர் கண்ணும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

செய்முறை இது. கெட்டி நுரைப்பலகையில் இரும்பு ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பேனாவால் குறுக்கே மூன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. பிறகு வரிசைக்கு வரிசை தள்ளித் தள்ளிச் சிறு கோடுகள். அங்கங்கே ஒரு கல்லைப் பேனாவின் பின்முனையால் லேசாக அமுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் குளியலறைத் தரை மாதிரி ஆகிவிடும். மொத்தத்துக்கும் கறுப்பு. அது காய்ந்தபின், தூரிகையின் ஈரத்தைத் துணியில் ஒற்றியெடுத்துவிட்டு, சாம்பலை மேலோட்டமாகத் தேய்த்தால் கல்லின் தலைகளில் மட்டும் பிடிக்கும். இடுக்குகள் கறுப்பாகவே நிற்கும். பத்துப் பதினைந்து கல்லுக்கு ஒன்று மஞ்சள் கலந்தது, ஒன்று இளஞ்சிவப்புச் சாயல்.

தனிக் கற்களுக்குச் சாந்து. மூன்றரை மில்லிமீட்டர் கனத்தில் தட்டையாக வார்த்து, முழுதாக இறுகுமுன் கட்டம் கட்டமாகக் கத்தியால் கீறி, காய்ந்தபின் ஒடிக்கிறேன். ஒடிகிற பக்கம் சொரசொரப்பாக வருகிறது. மேல்முகம் வழவழப்பாக இருக்கிறது. உளி பட்ட பக்கமும் சக்கரம் தேய்த்த முகமும் அப்படியே கிடைத்துவிடுகின்றன. ஒடிப்பதற்கு முன்பே பலகை முழுதும் நீர்த்த கறுப்பைப் பூசிவிட வேண்டும். கீறலுக்குள் மை இறங்கி, பக்கங்களின் மேல் விளிம்பில் பட்டையாகப் படியும். அதற்குக் கீழ்ப் பகுதி ஒடிந்தபின் வெள்ளையாகத் தெரியும். அதற்கு மிக மெல்லிய காவி. ஒரு கல்லை இடுக்கியில் பிடித்து விளக்குக்கு நேரே திருப்பினால், கறுத்த தலை, கறை படிந்த கழுத்து, வெளிறிய உடம்பு.

பள்ளத்தின் தரை இன்னும் கவனம் கேட்கிறது. கல்லின் கனத்துக்குப் பலகையைச் செதுக்கி எடுத்து, சலித்த மணலைப் பசையில் தூவினேன். ஒவ்வொரு கல்லும் இருந்த இடத்தில் மணலில் ஒரு சதுரத் தடம் இருக்கும். இடுக்கு இருந்த இடத்தில் கறுப்பு வரம்பு நிற்கும். பெயர்த்தவர்களின் கால் பட்டு நடுவில் அது கலைந்திருக்கும், ஓரங்களில் கலையாமல் இருக்கும். 23ஆம் தேதி தோண்டியது 25ஆம் தேதிக்குள் காற்றுப் பட்டிருக்கும். அதனால் வரம்புகளில் கறுப்போடு கொஞ்சம் துருவும் சேர்த்தேன்.

*

மெசோனியேயின் ஓவியத்தை அச்சில் வைத்துப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறேன். ஜூன் நாட்களில் அவர் தேசியக் காவல் படையில் பீரங்கிப் பிரிவு அதிகாரி, அதாவது அரணுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர். மோர்த்தெல்ரி தெருவின் அரண் விழுந்தபின் அங்கே கண்டதை வரைந்தார். லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஓவியம் 29க்கு 22 சென்டிமீட்டர்தான். அதற்கு முந்தைய நீர்வண்ணப் பிரதியை அவர் தெலக்ருவாவுக்குக் கொடுத்தார். 1830இன் அரணின் மேல் கொடி பிடித்த பெண்ணை வரைந்தவருக்கு.

தெலக்ருவாவின் ஓவியத்தில் கற்கள் முன்புறத்தில் கிடக்கின்றன. கண் அவற்றின் மேலே ஏறிக் கொடிக்குப் போய்விடுகிறது. மெசோனியேயின் ஓவியத்தில் கண் ஏற இடமில்லை. சிதறிய பாவுகற்கள், அவற்றின் நடுவே இறந்தவர்கள். சட்டையும் கால்சட்டையுமாக, கற்களின் இடையே கற்களோடு கற்களாகக் கிடக்கிறார்கள். பின்னால் குறுகிய தெரு, மூடிய வீடுகள். யாரும் நிற்கவில்லை.

மனிதர்கள் இறந்த நாட்களை மேசையில் வைத்து விளையாடலாமா என்ற கேள்வி இந்த ஓவியத்தின் முன்னால் வராமல் இருக்காது. எனக்குக் கிடைத்திருக்கும் விடை, முடிந்தவரை கவனமாக இருப்பது. எத்தனை கல், எந்த நிறம், எங்கே பள்ளம், யார் எந்தப் பக்கத்திலிருந்து ஏறி வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள எடுக்கும் பாடு அந்த மனிதர்களுக்குச் செய்கிற குறைந்தபட்ச மரியாதை. சாம்பல் பூசிய தட்டைத் தெருவில் உருவங்களை நகர்த்தும்போது யாரும் எதையும் இழக்கவில்லை என்று தோன்றும். பள்ளம் வந்தபின் அப்படித் தோன்றுவதில்லை.

*

விதிகள்.

பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் 1812இல் அரசருக்குச் செய்து கொடுத்த போர் மேசையில் நிலமே தனித்தனி ஓடுகளாக இருந்தது. மாற்றி மாற்றி அடுக்கலாம். அவர் மகன் 1824இல் அதைக் காகித வரைபடத்துக்குக் கொண்டுபோனார். படை அதிகாரிகளுக்கு அது வசதி. ஆனால் நிலத்துக்குக் கனம் இருக்கிறது என்ற எண்ணம் அப்பா செய்த ஓடுகளில்தான் இருந்தது. நான் அந்தப் பக்கம்.

பாவிய தெருவில் காலாட்படை முழு வேகம். குதிரைப்படைக்குப் பாதி, ஈரமானால் அதிலும் பாதி; இரும்பு லாடம் மெருகேறிய மணற்கல்லில் நிற்காது. பள்ளத்தில் காலாட்படை ஒரு முறை தாமதிக்கும், வரிசை கலையும். பீரங்கி பள்ளத்தைக் கடக்கவே முடியாது. பலகை போட வேண்டும், அல்லது பள்ளத்தின் விளிம்பில் நின்று சுட வேண்டும். அரணைக் குண்டு தாக்கினால் கற்சில்லு தெறிக்கும், அதற்குத் தனியாகப் பகடை.

இன்னொரு விதி: அரண் கட்டுகிறவர் ஒவ்வொரு முறை உயர்த்தும்போதும் தெருவிலிருந்து ஒரு பலகையை எடுத்தே ஆக வேண்டும். அதன் அடியில் மணற்பள்ளம் செதுக்கிய பலகை இருக்கிறது. பின்னாலிருந்து எடுத்தால் மறைவில் பாதுகாப்பாக எடுக்கலாம், ஆனால் பின்வாங்கும்போது அந்தப் பள்ளத்தில் தாமே தடுக்கி விழுவார்கள். முன்னாலிருந்து எடுத்தால் எதிரிக்கு அகழி ஆகும், ஆனால் எடுக்கும்போது துப்பாக்கிக்கு முன்னால் குனிய வேண்டும்.

மார்ஷல் புய்ஜோ 1849இல் தெருச் சண்டையைப் பற்றி எழுதும்போது தெருவைவிட வீடுகளையே நம்பினார். சுவர்களைத் துளைத்து வீட்டுக்கு வீடு நகர்ந்து அரணைப் பக்கவாட்டில் பிடிப்பது. அதற்கும் விதி வேண்டும். ஆனால் அது வீடுகள் செய்யும்போது.

*

ஓஸ்மான் காலத்தில் பெருவீதிகளுக்கு மக்கடம் வந்தது. ஸ்காட்லாந்துக்காரர் மக்கடம் கண்ட முறைப்படி, உடைத்த சல்லியை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்குவது. கோடையில் தூசி, மழையில் சேறு. ஆனால் அதில் கையில் எடுத்து அடுக்க ஒரு கல்லும் கிடையாது. தொடர்ந்து அஸ்பால்ட்டும் வந்தது. இருந்தும் பாரிஸ் கம்யூன் ஒடுக்கப்பட்ட 1871 மே மாதக் கடைசி வாரத்தில் பாவிய தெருக்கள் நிறையவே மிச்சமிருந்தன, மீண்டும் பெயர்ந்தன. 1968 மே மாதம் லத்தீன் பகுதியில் மாணவர்கள் பெயர்த்தபின் அங்கே பல தெருக்களுக்குத் தார் போட்டார்கள். என் மேசை 1848இலேயே நிற்பதால் இதில் அதிகம் நிற்கவில்லை.

*

இப்போது கையில் இருக்கும் பிரச்சினை தண்ணீர்.

23ஆம் தேதி மாலை பாரிஸில் பலத்த இடிமழை. ஃபோபூர் து தாம்ப்ல் தெரு கால்வாயிலிருந்து மேலேறுகிறது. லமோரிசியேர் தளபதியின் படை கீழேயிருந்து வந்தது. அரண்கள் கீழ்நோக்கி நின்றன. மழைநீர் மேட்டிலிருந்து ஓரவாய்க்கால்களில் இறங்கும். அரண் அவற்றை மறிக்கிறது. சாந்தில்லாமல் அடுக்கிய கற்கள் என்பதால் நீர் முழுக்கத் தேங்காது, இடுக்குகளில் கசிந்து வழியும். ஆனால் அரணுக்கு மேற்புறம், கிளர்ச்சிக்காரர்கள் நின்ற பக்கம், கணுக்கால் அளவுக்காவது ஒரு பொழுது நின்றிருக்கும். கீழ்ப்புறம் பள்ளம் இருந்தால் கசிந்த நீர் அங்கே கூடும். மணல் கொஞ்சம் குடிக்கும், மீதி கறுஞ்சேறாகக் கிடக்கும்.

25ஆம் தேதி காலை அதில் எவ்வளவு மிச்சமிருக்கும்? ஜூன் மாத வெயில், அடியில் மணல். பள்ளத்தின் தாழ்ந்த மூலையில், கருங்கல் விளிம்பை ஒட்டி, ஒரு சிறு குட்டையும் சுற்றிலும் ஈர மணலும் என்று முடிவு செய்திருக்கிறேன். மற்ற இடம் காய்ந்தது. பளபளப்பு வார்னிஷ் அந்த மூலைக்கு மட்டும். அதன் பின் சந்தின் பலகை. அதற்கு நடுவாய்க்கால் செதுக்க வேண்டும், அதில் அரண் கிடையாது, கல் எதுவும் பெயராது.